மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்

முதலில் கெடுத்தவன் அருணகிரிதான். இதில் திருமேனிக்குப் பொட்டுச் சந்தேகமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சங்கதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாலும் வண்டி கடைசியில் அந்த வாசலில்தான் போய் நிற்கிறது. அருணகிரி அவருடைய மனைவி சௌந்தரத்தின் கூடப்பிறந்த அண்ணன். தேவகோட்டைக்காரன். இன்றைக்கு விடியுமுன்னே செத்துப்போனான். அந்தச் சேதி திருமேனிக்குத் தெரியும். பின்னால் பலகைக் கட்டிலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிற சௌந்தரத்துக்குத் தெரியாது. தேவகோட்டை வடக்கே இருக்கிறது. வண்டி தெற்கே போகிறது. கீழக்கரை தாண்டியாகிவிட்டது, மணி பத்தரை, மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் டீசல் போட நிறுத்தியபோதுதான் போன் வந்தது. சௌந்தரம் இறங்கிக் கழிப்பறைப் பக்கம் போயிருந்தாள். பேசியது அருணகிரியின் மகன் கதிரேசன், அழுது தொண்டை கட்டிய குரல். "மாமா, அப்பா போயிட்டாரு மாமா. நெஞ்சு அடைக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அம்மா செம்பை எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மூணு மணிக்கு எடுக்கிறோம். மூத்த மாப்பிள்ளை நீங்க வந்து கோடி போட்டாத்தான் எடுக்கணும்னு பெரியவுக சொல்றாக. அத்தைகிட்ட மெதுவாச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருங்க மாமா." திருமேனி எதிரே போன மாட்டு வண்டியைப் பார்த்தபடி, "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று மறுபடியும் கேட்டார். "மூணு மாமா." "ம்" என்றார். ம் என்றால் வருகிறேன் என்றும் ஆகும், கேட்டுக்கொண்டேன் என்றும் ஆகும். அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ அது அவன் பாடு. தன் போனை அணைத்தார். முன்பக்கம் சார்ஜில் கிடந்த அவள் போனையும் அணைத்தார். அவள் உடனே வரவில்லை. கால்மணி நேரம் கழித்து சாலைக்கு அந்தப்பக்கத்துத் துணிக்கடையிலிருந்து மஞ்சள் பையோடு வந்தாள். "எங்கே போய்த் தொலைஞ்சே?" "துண்டு வாங்கினேன்." "துண்டா? வண்டிக்குள்ள நாலு கிடக்கே, அஞ்சாவது எதுக்கு, மீனுக்குத் தலை துவட்டவா?" மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இன்றைக்குப் பேசாமல் பின்கதவைத் திறந்து ஏறினாள். மூன்று நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படகு ஏன் கவிழவில்லை, இந்தப் பறவை ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவள், தலைவலி என்று சொல்லி அந்தத் திரையை இழுத்துவிட்டாள். திட்டியதில் கோபம். இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

இடதுபக்கம் கடல் தென்னைக்கு இடையே தோன்றித் தோன்றி மறைந்தது. முப்பத்தொரு வருஷம் இதே சாலையில் தூத்துக்குடி உப்பை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நாள்கூட நிறுத்திக் கடலைப் பார்த்ததில்லை. கடல் என்றால் கண்ணாடியில் படிகிற ஈரம், அவ்வளவுதான். சௌந்தரம்தான் கல்யாணமான புதிதிலேயே சொன்னாள், கடலைப் பார்த்துக்கிட்டே ஒரு நாள் சோறு பொங்கணுங்க என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியே நாற்பது வருஷம் போயிற்று. பிள்ளை குட்டி இல்லை, கேட்கிறதற்கு அவளுக்கு வேறு ஆசையும் இல்லை. போன தை மாசம் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்று விலைக்கு வந்தது. சீட்டையெல்லாம் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டு, தண்ணீருக்கு டிரம் கட்டி, பின்கதவுக்கு நேராக அடுப்பை வைத்தார். கதவைத் திறந்தால் அடுப்புக்கு அப்பால் கடல். வேலை முடிந்த அன்றைக்கு அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மூணாம் கிளாஸ் படிச்ச ஆளு செஞ்சதுன்னு சொன்னா எவன் நம்புவான்" என்றாள். அந்த வார்த்தை ஒரு வாரம் இனித்தது. பிறகு அதற்குள்ளிருந்தும் முள் ஒன்று எட்டிப் பார்த்தது. மூணாம் கிளாஸ் என்று எதற்குச் சொன்னாள்? அவள் அண்ணன் தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன். அந்த அளவுகோல் அவளுக்குள்ளும் கிடக்கிறதா? இருக்கும். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே. ஏர்வாடிப் பிரிவு வந்தது. இங்கேயே திருப்பினால் ஒரு மணிக்குள் தேவகோட்டை போய்விடலாம். முகம் பார்க்கலாம். அவள் மார்பில் அடித்துக்கொண்டு விழுவாள். கை ஸ்டியரிங்கில் இருந்தது, ஆனால் திருப்பவில்லை. லாரிக்காரன் பாதையை மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். அவர் யாருக்குக் காரணம் சொல்லப் போகிறார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். அருணகிரியின் மகள் தேன்மொழிக்குக் காரைக்குடியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கச் சொந்தபந்தம் இரண்டு வேனில் கிளம்புகிற நேரத்தில் ஒரு டிரைவருக்குக் காய்ச்சல். அருணகிரி ஓடிவந்து கையைப் பிடித்தான். "மாப்பிள்ளை, நீங்கதான் ஒரு கை கொடுக்கணும்." அப்போது மாப்பிள்ளை. இவரும் தன் லோடைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவர், இதில் என்ன இருக்கிறது மச்சான் என்று ஏறி உட்கார்ந்தார். காரைக்குடியில் அந்த வீட்டு முகப்பே ஒரு தெரு நீளம். சம்பந்தியாகப் போகிறவர், தங்க பிரேம் கண்ணாடி போட்ட கிழவர், ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து திருமேனி முன்னால் நின்று, "இவுக?" என்றார். திருமேனி கைகூப்பக் கையைத் தூக்கினார். அருணகிரி கிழவர் முகத்தைப் பார்த்தான், முகப்புத் தூண்களைப் பார்த்தான், "டிரைவர்" என்றான். அதோடு விட்டானா, "வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்றும் சொன்னான். தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை திருமேனிக்கு. அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. உள்ளே பந்தி நடந்தது. இவருக்கு வேனுக்கே பொட்டலம் வந்தது. "டிரைவர் அண்ணே, சாப்பிட்டிருங்க." புளிச்சோறு, ஒரு வடை. கொஞ்சநேரம் கழித்து சௌந்தரம் பாயசத்தோடு ஜன்னலண்டை வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது, அண்ணனுக்குப் பின்னால் ரெண்டடி தள்ளித்தானே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. பாயச டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஈ ஒன்று வந்து டம்ளர் வாயில் உட்கார்ந்தது. எல்லாரையும் பத்திரமாகத் தேவகோட்டையில் கொண்டுவந்து இறக்கி, பிரிக்காத பொட்டலத்தை அருணகிரி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தவர்தான். அப்புறம் அந்தப் படியை மிதிக்கவில்லை. தேன்மொழி கல்யாணத்துக்கும் போகவில்லை, சௌந்தரத்தை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினார்.

ஒரே ஒரு தடவை அருணகிரி வந்தான். நாலு வருஷம் கழித்து, ஆறு மாதுளம்பழத்தோடு. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். திருமேனி எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தார். பெரிதாக ஒன்றும் வேண்டாம், காலில் விழ வேண்டாம், அன்னைக்கு வாய் தவறிருச்சு மாப்பிள்ளை, காரைக்குடிக்காரங்ககிட்ட ஒரு நாள் நானே கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன், இவர்தான் எங்க வீட்டு மூத்த மாப்பிள்ளைன்னு. இவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து வார்த்தை. அருணகிரி மழை இல்லை என்றான். தண்ணீர் குடித்தான். "வண்டி எப்படி ஓடுது?" என்றான். பிறகு எழுந்து போனான். அந்த மாதுளையை சௌந்தரம் உரித்துத் தட்டில் வைத்தாள், திருமேனி தொடவில்லை, அவளும் தொடவில்லை, முத்துக்கள் கறுத்துச் சுருங்கின. கேட்டு வாங்கியிருக்கலாமோ? கேட்டு வாங்கினால் அது மரியாதையா, பிச்சை. அவனாகச் சொல்ல வேண்டும். சொல்லுவான், வயசாகட்டும், நோய் வரட்டும், சாவு பயம் வரட்டும், சொல்லுவான் என்றுதான் இந்த இருபத்திரண்டு வருஷமும். நெஞ்சு அடைத்தபோது தண்ணீர்தான் கேட்டானாம். வேறொன்றும் சொல்லவில்லையாம். சாயல்குடி வந்தது. வெயில் தாருக்கு மேல் தண்ணீர் மாதிரி நெளிந்தது. இப்போது திருப்பினாலும் போய்விடலாம். ஆனால் போனால் என்ன ஆகும்? அந்தப் படியை மிதிக்க வேண்டும். கோடி வேட்டியை விரித்து அவன்மேல் போட வேண்டும். கோடி போட்டால் பகை தீர்ந்தது என்று ஊர் எழுதிக்கொள்ளும். தீரவில்லையே. தீர்க்க வேண்டியவன் வாயைக் கட்டிவிட்டார்களே. ஆனால் காத்திருப்பார்கள், பாருங்கள், அதில் ஒரு சுகம் இருந்தது. அந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும். மாமனார் செத்தபோது பங்காளி ஒருத்தர் வாசலில் நின்று, மூத்த மாப்பிள்ளை திருமேனி வரலாம் என்று மூன்று தரம் குரல் கொடுத்த பிறகுதான் இவர் கோடியோடு உள்ளே போனார். இவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள். டிரைவர் இல்லாமல் எடுக்க முடியாது இல்லையா? கிடக்கட்டும். ஐஸ் பெட்டிக்குள் கிடந்து காத்திருக்கட்டும் தாலுகா ஆபீஸ்.

மூக்கையூர் கடற்கரையில் பனைகளின் ஓரமாக நிறுத்தினார். மணி பன்னிரண்டு. பின்கதவைத் திறந்தார். இதற்காகத்தான் இந்த வண்டியே, அடுப்பு, அதற்கு அப்பால் மணல், அதற்கு அப்பால் நீலமாகக் கடல், சத்தமே இல்லாமல், படுக்கையில் புரள்கிற ஆள் மாதிரி அலை. சௌந்தரம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது, தூங்கின வீக்கம். "உலை வைக்கலையா?" என்றார். "பசிக்கலை." "எனக்குப் பசிக்குதே." "பன் இருக்கு, சாப்பிடுங்க." நேற்று தொண்டியில், முந்தாநாள் மணமேல்குடியில், ஒரு நேரத்துக்கு மூன்று குழம்பு வைத்தவள். அடுப்பைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கூடையோடு மீன்காரப் பெண் ஒருத்தி மணலில் கால் புதையப் புதைய வந்து, கூடையை இறக்கி, ஓலையை விலக்கினாள். "அக்கா, ஊளி இருக்கு, நகரை இருக்கு, இப்பத்தான் கரைக்கு வந்துச்சு, கண்ணைப் பாருங்க, சீலைக்கடையில விலையைக் கேட்ட மாதிரி முழிக்குது." சௌந்தரம் வேண்டாம் என்று தலையாட்டினாள். மீன்காரி விடவில்லை. "வண்டிக்குள்ளயே வீடு கட்டி வந்திருக்கீக, மீன் இல்லாமலா? உங்களுக்கு மட்டுமா, டிரைவருக்கும் சேத்து எடுத்துத் தரவா?" பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த திருமேனியின் கை நின்றது. எங்கே போனாலும் இது வந்துவிடுகிறது, கடல் வரைக்கும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. சௌந்தரம் சொன்னாள், "அவரு டிரைவர் இல்லைம்மா. என் வீட்டுக்காரரு." மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக. "அய்யய்யோ, தப்பா நினைக்காதீக அண்ணே, முன்னாடி தனியா உக்காந்து ஓட்டிட்டு வந்தீகளா, அதான்" என்று மீன்காரி நாக்கைக் கடித்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். அவள் போன பிறகும் அந்த வார்த்தை அங்கேயே நின்றது. அன்றைக்கு அந்த முகப்பில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு மீன்காரியிடம். திருமேனிக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தது, சௌந்தரம், உன் அண்ணன் போயிட்டான், ஏறு, விரட்டினால் மூன்று மணிக்குப் போய்விடலாம் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவள் சொல்லி என்ன, அவன் சொல்ல வேண்டியதை இவள் சொல்லி எப்படித் தீரும் என்று உள்ளே ஒன்று கேட்டது. பன்னை விழுங்கினார்.

அப்புறம் அங்கேயே இருந்தார்கள். ஒரு மணி. பனை நிழல் வண்டியை விட்டு நகர்ந்தது. இனித் திருப்பினால் விரட்டினாலும் சந்தேகம்தான் என்று அவருக்குள்ளிருந்த லாரிக்காரன் கணக்குச் சொன்னான். இரண்டு மணி. இனி முடியாது. முடியாது என்று ஆனதும் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தார், பிரேக் பிடிக்காத வண்டி மேட்டில் ஏறித் தானாக நின்றதுபோல. வரவில்லை. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது. நாளைக்கு எப்படியும் தெரியும். போனைத் திறந்தால் தெரியும். அவள் முகம் அப்போது எப்படி ஆகும்? நாற்பது வருஷத்தில் அவள் பெரிதாக அழுது அவர் பார்த்தது மூன்று தடவை, மூன்றும் கலைந்த பிள்ளைகளுக்காக. அருணகிரி ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வராந்தாவில் நின்று, காசு வைத்திருக்கிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டான். அப்போது மாப்பிள்ளை என்றுதான் சொன்னான், ஆனால் வராந்தாவில் யார் இருந்தார்கள் கேட்க, ஒரு நர்சும் இரண்டு நாயும். தனியாக இருக்கும்போது சொன்னால் அது வார்த்தையா? நாலு பேர் முன்னால் சொல்லாதது வார்த்தையே இல்லை. நண்டு ஒன்று மணலைத் தோண்டி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது, அலை வந்து மூடிற்று, மறுபடியும் தோண்டிற்று. மூடனே, அந்தப் பக்கம் போயேன் என்று அதனிடம் சொன்னார். சௌந்தரம் பின்கதவில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டவள்தானே, பார்க்கட்டும். "மணி என்னங்க?" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தார். "மூணேகால்." அவள் கால்களை மேலே இழுத்து மடக்கி உட்கார்ந்தாள். பிறகு, "எடுத்திருப்பாங்க" என்றாள். அலை ஒன்று வந்து போயிற்று. அவள் மஞ்சள் பையைப் பிரித்து மடியில் வைத்தாள். துண்டு இல்லை. எட்டு முழக் கோடி வேட்டி, கடைக்காரன் ஒட்டிய தாளோடு. "பங்க்லயே கேட்டுட்டேன். நான் வண்டிக்குப் பின்னாலதான் நின்னேன், கதிரேசன் அழுதது வெளியில வரைக்கும் கேட்டுச்சு. எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கன்னு கேட்டீங்களே." "அப்பவே சொல்லியிருக்கலாமே, ஏ சௌந்தரம், ஒரு வார்த்தை..." "நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்களாத் திருப்பினாத்தானே உங்களுக்கு மரியாதை. நான் அழுது கூட்டிட்டுப் போனா அங்க வந்தது என் அழுகைதான், நீங்க இல்ல." அவள் வேட்டியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "ஏர்வாடில திருப்புவீங்கன்னு நினைச்சேன். சாயல்குடில நினைச்சேன். அந்த மீன்காரி போனப்புறம் உங்க முகத்தைப் பார்த்து, இப்பத் திருப்பிருவாருன்னு எந்திரிச்சே நின்னேன்."

அவர் போனைத் திறந்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. திறந்ததுமே அடித்தது. கதிரேசன். பின்னால் ஒரே சத்தம், சங்கு, யாரோ ஒரு பெண்ணின் ஒப்பாரி. "மாமா, எங்க இருக்கீக? அத்தை எங்க? ரெண்டு போனும் போகலையே, உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம் மாமா. ரொம்ப நேரம் பார்த்தோம். வெயில் தாங்கலை. சின்ன அத்தை வீட்டு மாமாவை விட்டுக் கோடி போட்டு எடுத்துட்டாங்க. இப்பத்தான் தெருவைத் தாண்டுது." திருமேனி போனை மறு காதுக்கு மாற்றினார். "பெரியவுக முறை தவறக்கூடாதுன்னு உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாக மாமா. மூத்த மாப்பிள்ளை திருமேனி வரலாம்னு மூணு தரம். தேன்மொழி அக்கா வீட்டுச் சனம், காரைக்குடிக்காரவுக எல்லாம் நின்னாக. அக்கா மாமனாரு, அந்தப் பெரியவரு, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு நின்னு தேடினாரு, யாரு அந்த மாப்பிள்ளை, நான் பார்த்ததே இல்லையேன்னு." போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள், இவர் வைக்கவில்லை. மூன்று தரம். நாலு பேர் முன்னால், அதே சம்பந்தி முன்னால், அதே வாசலில். கூப்பிட்ட நேரத்தில் இவர் நண்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். வெறும் முற்றத்தைப் பார்த்து மூன்று தரம் கூப்பிட்டு, யாரும் வராமல், அந்தப் பேர் தரையில் விழுந்து கிடந்திருக்கும். சின்ன மாப்பிள்ளை அதை மிதித்துக்கொண்டு உள்ளே போயிருப்பான்.

சௌந்தரத்துக்கு எல்லாம் கேட்டிருந்தது. போனில் கதிரேசன் கத்தித்தான் பேசினான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வேட்டியை மடிப்புக் கலையாமல் பையில் திரும்ப வைத்தாள். "இனி நான் கண்ணை மூடுறப்ப, பொறந்த வீட்டுக் கோடின்னு யாரு கொண்டாருவா?" என்றாள், அவரிடம் கேட்கிற மாதிரிக்கூட இல்லை, கடலிடம் கேட்கிற மாதிரி. பிறகு எழுந்து கடலுக்கு நடந்தாள். சேலையோடு மூன்று தரம் முங்கினாள். திருமேனி எழுந்து நின்று, நாலாவது தரம் முங்கிவிடுவாளோ என்று எண்ணிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பி வந்தாள். சொட்டச் சொட்ட வண்டிக்குள் ஏறி, பின்கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். கடல் மறைந்தது. திரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் மூன்று நாளாக அவள் உட்கார்ந்த குழிவு அப்படியே இருந்தது. எங்கே போவது என்று கேட்க வாயெடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து, "வண்டியை எடுங்க" என்று குரல் வந்தது. எடுத்தார். சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வரைக்கும் ஓட்டினார். கூப்பிட்டது பங்காளிதானே. வழக்கத்துக்காகக் கூப்பிட்டது. அருணகிரி கூப்பிட்டானா? கண்ணை மூடுகிற வரைக்கும் அவன் சொல்லவில்லை. தண்ணீர்தான் கேட்டான். இந்நேரம் மண் போட்டிருப்பார்கள். அவன் இன்னும் சொல்லவில்லை.